நூலிழையில் தோற்றால் என்ன கிடைக்கும்? மறு எண்ணிக்கை முதல் தேர்தல் வழக்கு வரை: கடலூர், புதுச்சேரி வேட்பாளர்களுக்கு ஒரு சேவை மதிப்பீடு

2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோவிலில் வென்ற முருகுமாறனுக்கும் தோற்ற திருமாவளவனுக்கும் நடுவே இருந்தது 87 ஓட்டு. அதே நாளில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. 2021ல் தி.நகரில் 137, நெய்வேலியில் 977. புதுச்சேரியில் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள் 30 தொகுதிகளுக்குப் பிரிகிறார்கள். தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம்தான். இரண்டு தெரு மனசு மாறினால் முடிவு மாறும்.

இப்படித் தோற்றவருக்குச் சட்டம் ஐந்து வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது: எண்ணும் அரங்கிலேயே மறு எண்ணிக்கை, தள்ளிய தபால் ஓட்டுகளின் மறு சரிபார்ப்பு, விவிபாட் சீட்டு (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் அச்சுச் சீட்டு) எண்ணிக்கை, மின்னணு இயந்திரத்தின் மெமரி சோதனை, உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. வேட்பாளருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு சேவை. எவ்வளவு செலவு, எத்தனை நாள், கடைசியில் கையில் என்ன வரும் என்று கேட்டு வாங்க வேண்டியவை. ஐந்தையும் அந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறோம். எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம்: ஐந்திலும் மலிவானது முதலாவது. வேலைக்கு ஆவதும் அதுதான். ஆனால் அது திறந்திருப்பது சில நிமிடங்கள் மட்டும்.

அரங்கில் மறு எண்ணிக்கை

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் விதி 63. கடைசிச் சுற்றும் முடிந்து, தபால் ஓட்டும் சேர்ந்து, படிவம் 20 என்ற முடிவுத் தாளில் எல்லா எண்களும் ஏறிய பிறகு, தேர்தல் நடத்தும் அலுவலர் (அரங்கில் எல்லோரும் ஆர்.ஓ. என்றே சொல்வார்கள்) மொத்தத்தை வாசிப்பார். இது வெற்றி அறிவிப்பு அல்ல. வாசிப்பதற்கும் அவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. மறு எண்ணிக்கை கேட்கும் உரிமை அந்த இடைவெளியில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. கையெழுத்து விழுந்துவிட்டால் மனுவை வாங்கவே மாட்டார்கள்.

அந்த இடைவெளி எவ்வளவு? ஆர்.ஓ.க்களுக்கான தேர்தல் ஆணையக் கையேடு, மொத்தத்தை வாசித்ததும் ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்கிறது. யாராவது மறு எண்ணிக்கை வேண்டும் என்றால், மனு எழுத எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டு, நியாயமாக இருந்தால் "இத்தனை மணி இத்தனை நிமிடம் வரை காத்திருப்பேன்" என்று ஆர்.ஓ. அறிவிக்க வேண்டும். ஆகவே முதல் வேலை, எழுந்து நின்று "விதி 63இல் மனு தருகிறோம், 15 நிமிடம் வேண்டும்" என்று சொல்வது. இரண்டாவது வேலை, அவர் அறிவித்த நேரத்தைக் குறித்துக்கொள்வது. வாயால் கேட்டதோடு நின்றுவிட்டால் அதற்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது. பின்னால் நீதிமன்றத்தில் "அன்றைக்கே ஏன் எழுதித் தரவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

மனு தர வேண்டியவர் வேட்பாளர். அவர் இல்லாவிட்டால் தேர்தல் முகவர், அல்லது எண்ணிக்கை முகவர்களில் ஒருவர். இங்கேதான் வழக்கமாகச் சறுக்குகிறது. பத்தாவது ரவுண்டில் பின்தங்கியதும் வேட்பாளர் மனம் உடைந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். முகவர்கள் அவரவர் மேசையில் கம்பி வலைக்குப் பின்னால் இருப்பார்கள். அரங்குக்குள் செல்போன் கிடையாது. ஆர்.ஓ. மேசையருகே மொத்தம் வாசிக்கப்படும்போது கையெழுத்துப் போட ஆளும் இருக்காது, எழுதக் காகிதமும் இருக்காது. எண்ணும் இடம் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியானாலும் லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கானாலும், கடைசி இரண்டு ரவுண்டுக்கு ஒரு பொறுப்பான ஆள் ஆர்.ஓ. மேசையை விட்டு நகரக் கூடாது. கையில் வெற்றிடம் விட்டு எழுதிய மனு ஒன்று தயாராக இருக்க வேண்டும். அதில் வரும் படிவம் 17சி என்பது ஒவ்வொரு பூத்தின் ஓட்டுக் கணக்கு: பகுதி 1 பதிவான ஓட்டு, பகுதி 2 எண்ணிய முடிவு. கன்ட்ரோல் யூனிட் என்பது ஓட்டைச் சேமித்து எண்ணிக்கை காட்டும் இயந்திரப் பகுதி. மனு இப்படி:

"தேர்தல் நடத்தும் அலுவலர் அவர்களுக்கு. விதி 63இன் கீழ் மனு. சுற்று ___, மேசை ___, வாக்குச்சாவடி எண் ___: படிவம் 17சி பகுதி 2இல் வேட்பாளர் வரிசை எண் ___க்கு ___ வாக்குகள், முடிவுத் தாளில் ___ என்று உள்ளது. வாக்குச்சாவடி எண் ___: 17சி பகுதி 1இன்படி பதிவான மொத்தம் ___, கன்ட்ரோல் யூனிட் காட்டிய மொத்தம் ___. நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் ___. தற்போதைய வித்தியாசம் ___. மேற்கண்டவற்றை மீண்டும் எண்ணும்படியும், தங்கள் உத்தரவைக் காரணத்துடன் எழுத்தில் தரும்படியும் கோருகிறேன். நேரம் ___."

முழுத் தொகுதியையும் திரும்ப எண்ணு என்று கேட்காதீர்கள். விதி முழுசாகவும் கேட்க விடுகிறது, பகுதியாகவும் கேட்க விடுகிறது. அற்பமானது, நியாயமற்றது என்று தோன்றினால் மனுவைத் தள்ள ஆர்.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு. "முறைகேடு நடந்திருக்கிறது, எல்லாவற்றையும் எண்ணுங்கள்" என்ற மனு அந்த வலையில் நேராகப் போய் விழும். மூன்று பூத் எண், மூன்று முரண்பாடு என்று எழுதிய மனுவைத் தள்ள வேண்டுமானால், அந்த மூன்றுக்கும் அவர் காரணம் எழுதியாக வேண்டும். ஏற்றாலும் தள்ளினாலும் உத்தரவு எழுத்தில்தான் இருக்க வேண்டும். தள்ளிய உத்தரவின் நகல்கூட நாளைய வழக்குக்கு நல்ல ஆவணம்.

சரி, இயந்திரத்தைத் திரும்ப அழுத்தினால் அதே எண்தானே வரும், மறு எண்ணிக்கையால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. ரிசல்ட் பட்டனை நூறு தடவை அழுத்தினாலும் அதே எண்தான் வரும். பிழை நுழைவது இயந்திரத்துக்கு வெளியே, கை பட்ட இடங்களில். மேசையில் ஒருவர் எண்ணை வாசிக்க இன்னொருவர் 17சி பகுதி 2இல் எழுதுகிறார். அதைப் பார்த்து வேறொருவர் சுற்றுத் தாளில் ஏற்றுகிறார். அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஒரே பெயரில் மூன்று சுயேச்சைகள் நிற்கும் தொகுதியில் ஒரு வரிசை கீழே இறங்கி எழுதினால் போதும், முந்நூறு ஓட்டு வேறொருவர் கணக்கில் ஏறிவிடும். அரியானாவில் புவானா லக்கு ஊராட்சித் தலைவர் தேர்தல் நடந்தது 2022ல். ஒரு பூத்தின் கணக்கில் தொடங்கிய தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஆகஸ்டில் இயந்திரங்களை அங்கேயே வரவழைத்து எண்ணினார்கள். தோற்றவராக இருந்தவர் 51 ஓட்டில் வென்றார். இயந்திரத்தில் ஓட்டு மாறவே இல்லை. தாளில்தான் மாறியிருந்தது.

இன்னொரு பிழை, இரண்டாம் கன்ட்ரோல் யூனிட். ஓட்டுப்பதிவு நடுவில் இயந்திரம் பழுதாகி மாற்றியிருந்தால் அந்த பூத்துக்கு இரண்டு யூனிட். இரண்டும் மேசைக்கு வந்தாக வேண்டும். எந்தெந்த பூத்தில் மாற்றினார்கள் என்ற பட்டியல் உங்கள் பூத் ஏஜென்ட்டுகளிடம்தான் இருக்கும். அன்று இரவே வாங்கி வையுங்கள். மூன்றாவது, காலையில் நடந்த மாதிரி ஓட்டுப்பதிவை அழிக்க மறந்த இயந்திரம். பதிவான மொத்தம் 17சியைவிட ஐம்பது அறுபது கூடுதலாகக் காட்டும். அந்த இயந்திரத்தை ஒதுக்கி வைப்பார்கள். இறுதி வித்தியாசம் ஒதுக்கிய பூத்களின் மொத்த ஓட்டைவிடப் பெரிதாக இருந்தால் அதை எண்ணாமலே முடிவு சொல்வார்கள். சிறிதாகவோ சமமாகவோ இருந்தால் விவிபாட் சீட்டை எண்ண வேண்டும். ஒதுக்கிய இயந்திரம் எத்தனை, எந்த பூத் என்று எழுதி வைத்திருக்கும் முகவர் அந்த நேரத்தில் தங்கம்.

இதெல்லாம் 17சி கையில் இருந்தால்தான் நடக்கும். ஓட்டுப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்திட்ட 17சி பகுதி 1இன் நகலை ஒவ்வொரு பூத் ஏஜென்ட்டுக்கும் தர வேண்டும். கணக்கு எளிது. வாக்காளர் பதிவேடான 17ஏவில் 846 பேர் பதிந்திருந்து, அதில் 2 பேர் ஓட்டுப் போடாமல் திரும்பியிருந்தால், கன்ட்ரோல் யூனிட் 844 காட்ட வேண்டும். சோதனை ஓட்டு (சீட்டில் வேறு பெயர் வந்தது என்று புகார் சொன்னவர் போட்டுக் காட்டுவது) ஒன்று பதிவாகியிருந்தால் அது 844க்குள்ளேயே இருக்கும். எண்ணும்போது அது விழுந்த வேட்பாளர் கணக்கிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். கழித்தார்களா என்று பார்ப்பவர்கள் குறைவு. ஒரு ஓட்டுதானே என்று விடக் கூடாது. 2004ல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும், 2008ல் ராஜஸ்தானின் நாத்துவாராவிலும் முடிவு ஒற்றை ஓட்டில்தான் நின்றது. சமமாக வந்தால் ஆர்.ஓ. சீட்டுக் குலுக்குவார், சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடியதாகக் கணக்கு.

மேசையில் உட்காரும் முகவர் எடுத்துப் போக வேண்டியது பேனா, தாள், அந்த மேசைக்கு வரும் பூத்களின் 17சி நகல். சுற்று ஒன்றுக்கு வழக்கமாக 14 மேசை. கன்ட்ரோல் யூனிட் வந்ததும் முதலில் யூனிட்டின் எண், பிறகு பச்சைத் தாள் சீலின் எண், பிறகு டோட்டல் பட்டன், கடைசியில்தான் ரிசல்ட். இந்த வரிசையை அவசரப்படுத்த விடாதீர்கள். முகவர் நியமனத்துக்குப் படிவம் 18ஐ எண்ணிக்கைக்கு மூன்று நாள் முன்பு மாலை 5 மணிக்குள் தந்தாக வேண்டும். கடலூர் பக்கம் பெரிய கட்சிகளுக்கு இதில் சிக்கல் வருவதில்லை. சுயேச்சைகளும் சிறு கட்சிகளும்தான் பாதி மேசைகளைக் காலியாக விட்டுவிட்டு, பிறகு வழக்குக்கு ஆதாரம் தேடுகிறார்கள்.

கட்டணம் இல்லை, முடிவு அன்றைக்கே. தயாராகப் போகிறவருக்கு 5க்கு 4. வெறுங்கையோடு போகிறவருக்கு 1.

ஊராட்சித் தேர்தல் கதையே வேறு. கடலூர் மாவட்டக் கிராமங்களில் அது இன்னும் வாக்குச்சீட்டுதான். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். சீட்டில் முத்திரை கோட்டில் விழுந்ததா கட்டத்தில் விழுந்ததா என்ற தகராறு உண்டு. கட்டுக் கட்டும்போது ஒருவர் சீட்டு இன்னொருவர் கட்டில் நுழைவதும் உண்டு. அங்கே மறு எண்ணிக்கையில் எண் நிஜமாகவே மாறும். வழக்கும் சென்னைக்குப் போகாது, மாவட்ட நீதிபதியிடம் போகும்.

தபால் ஓட்டு

சில நூறு வித்தியாசத்தில் முடியும் தேர்தலின் உண்மையான போர்க்களம் இதுதான். காரணம் எளிது. இயந்திரத்தில் செல்லாத ஓட்டு கிடையாது, தபாலில் மட்டுமே உண்டு. மனிதர் முடிவு எடுக்கும் ஒரே இடமும் அதுதான்.

உறைக்குள் உறை. வெளி உறை 13சி. அதற்குள் 13ஏ என்ற உறுதிமொழித் தாளும், 13பி என்ற உள் உறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். வாக்குச்சீட்டு 13பிக்குள். எண்ணும் மேசையில் முதலில் 13ஏவைத்தான் எடுப்பார்கள். அது இல்லையென்றால், கையெழுத்து இல்லையென்றால், சான்றொப்பம் இல்லையென்றால், 13ஏவில் உள்ள வரிசை எண்ணும் 13பி மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், உள் உறையைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். பிரித்த பிறகும் யாருக்கும் குறி இல்லை, இருவருக்குக் குறி, போட்டவர் யார் என்று தெரியும்படி எழுத்து, இவையெல்லாம் செல்லாது. காலை 8 மணிக்கு எண்ணிக்கை தொடங்கும்முன் வந்து சேர்ந்தவை மட்டுமே கணக்கில் வரும். எத்தனை உறை வந்தன என்ற எண்ணை எட்டு மணிக்கே ஆர்.ஓ.விடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ராதாபுரத்தில் தோற்றவர் போட்ட வழக்கு பெரும்பாலும் இந்த 13ஏவின் மேல் நின்றது. 203 தபால் ஓட்டுகளில் சான்றொப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்களுக்கு அந்தத் தகுதி உண்டா என்பதே கேள்வி. வித்தியாசம் 49. குஜராத்தின் தோல்காவில் 2017ல் வித்தியாசம் 327, தள்ளப்பட்ட தபால் ஓட்டு 429. 2020 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது, சில நாளில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. பெங்களூரு ஜெயநகரில் 2023ல் தபால் ஓட்டுகளைத் திரும்பப் பார்த்த பிறகு 16 ஓட்டில் முடிவு வந்தது.

இங்கே வேட்பாளர் கேட்காமலே கிடைக்க வேண்டிய சேவை ஒன்று உண்டு. வெற்றி வித்தியாசம், செல்லாதென்று தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் தள்ளியவை அனைத்தையும் ஆர்.ஓ. தேர்தல் பார்வையாளர் முன்னிலையில் மீண்டும் சரிபார்க்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுரை. முன்பு இந்த வரம்பு பெரிதாக இருந்தது. வந்த மொத்தத் தபால் ஓட்டைவிட வித்தியாசம் குறைந்தாலே எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தார்கள். 2019 மே மாதம் அதைத் தள்ளியவை மட்டும் என்று சுருக்கினார்கள். தவறாகத் தள்ளிய ஓட்டு போலவே தவறாக ஏற்ற ஓட்டும் முடிவை மாற்றும். இந்தச் சுருக்கம் சரியல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏற்றதில் சந்தேகம் இருந்தால் அதைத் தனியாக விதி 63 மனுவில் எழுதித்தான் கேட்க வேண்டும்.

2025 செப்டம்பரில் வந்த மாற்றம் நல்லது: தபால் எண்ணிக்கை முடிந்த பிறகுதான் இயந்திரத்தின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும். இயந்திர ஓட்டு முழுவதும் எண்ணி முடிந்த பிறகு, "இன்னும் தபால் பாக்கி" என்று நள்ளிரவு வரை இழுபட்டு வதந்தி பரவும் நிலைக்கு இது ஒரு தடை.

முகவரை நிறுத்தும்போது, அதிகம் படித்த, சண்டை போடாத ஆளைத் தபால் மேசையில் போடுங்கள். ஒவ்வொரு தள்ளுதலுக்கும் ஒரு வரி: வரிசை எண், காரணம், நேரம். மாலைக்குள் அந்த நோட்டுப் புத்தகம்தான் உங்கள் வழக்கு. 5க்கு 4.

விவிபாட்

ஒவ்வொரு தொகுதியிலும் குலுக்கல் முறையில் 5 பூத்களின் சீட்டுகளை எண்ணுவது கட்டாயம். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. இந்த ஐந்து, கடலூர் பக்கத்துத் தொகுதியில் இருநூறுக்கு மேற்பட்ட பூத்களில் ஐந்து. புதுச்சேரியிலோ ஒரு தொகுதிக்குப் பூத்தே முப்பதை ஒட்டித்தான் இருக்கும், அதில் ஐந்து. ஆறில் ஒரு பங்கு கிட்டத்தட்டக் கையால் எண்ணப்படுகிறது. அதே விதி புதுச்சேரி வேட்பாளருக்குப் பல மடங்கு வலுவான சோதனையாக ஆகிவிடுகிறது. அந்த ஐந்தும் ஒத்துப்போன பிறகு இயந்திரத்தைக் குறைசொல்லி வழக்குப் போட அங்கே மிகவும் யோசிக்க வேண்டும்.

அந்த ஐந்துக்கு மேலும் வேண்டுமானால் விதி 56டி. விதி 63 போலவே எழுத்து மனு, அதே நேர நெருக்கடி, ஆர்.ஓ.வின் காரணத்துடன் கூடிய உத்தரவு. முக்கியமானது இது: சீட்டுக்கும் இயந்திரத்துக்கும் வேறுபாடு வந்தால், முடிவுத் தாளைச் சீட்டுக் கணக்குப்படிதான் திருத்த வேண்டும். 17சியோடு பொருந்தாத பூத்தையோ, டிஸ்ப்ளே வராத இயந்திரத்தையோ காட்டிக் கேளுங்கள். கட்டுக்கு 25 சீட்டாகக் கட்டி வேட்பாளர் பெட்டிகளில் அடுக்கி எண்ணுவார்கள். கட்டைப் பிரித்து எண்ணும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும். 5க்கு 3.

மெமரி சோதனை

உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பால் வந்தது. இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் எழுதிக் கேட்டால், தொகுதியின் 5 சதவீத இயந்திரங்களின் மைக்ரோகன்ட்ரோலரைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சோதிப்பார்கள். 2024ல் ஆணையம் வைத்த கட்டணம் ஒரு இயந்திரத் தொகுப்புக்கு 40,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 47,200. 240 பூத் உள்ள தொகுதியில் 12 தொகுப்புக்கும் கேட்டால் 5,66,400 ரூபாய். இயந்திரத்தில் கைவைத்தது நிரூபணமானால் பணம் திரும்பும்.

இதை மறு எண்ணிக்கை என்று நினைத்து வாங்காதீர்கள். அன்று விழுந்த ஓட்டை இதில் யாரும் திரும்ப எண்ணுவதில்லை. 87 ஓட்டில் தோற்றவருக்கு இது அந்த 87ஐப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதே பணத்தில் எண்ணிக்கை முகவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, எல்லா பூத்தின் 17சியையும் நகல் எடுத்துக் கோப்பாக்கலாம். 5க்கு 1.

தேர்தல் வழக்கு

ஆர்.ஓ. முடிவை அறிவித்த பிறகு வேறு எந்த நீதிமன்றத்திலும் எந்த மனுவாலும் அதைத் தொட முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் கீழ் தேர்தல் மனு ஒன்றே வழி. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் மட்டுமின்றி, மாஹேக்கும் ஏனாமுக்கும்கூட அது சென்னை உயர் நீதிமன்றம்தான். தமிழ், மலையாளம், தெலுங்கு ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைத்தாக வேண்டும். கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்பாளர் தேடினால் நாள் போதாது.

கெடு 45 நாள், வெற்றி அறிவித்த தேதியிலிருந்து. 2021 மே 2ல் முடிவு வந்த தேர்தலுக்குக் கடைசி நாள் ஜூன் 16. மே மாதத்துக் கோடை விடுமுறையை இதிலிருந்து கழிக்க முடியாது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே இல்லை. மற்ற வழக்குகளில் செய்வதுபோல் காரணம் காட்டி ஒரு மனுப் போட்டுச் சரிசெய்ய முடியாது. 40ஆவது நாளையே கடைசி நாளாக வைத்துக்கொள்வது நல்லது.

மனு தள்ளுபடியாகும் காரணங்களில் பல, ஓட்டோடு சம்பந்தமே இல்லாதவை. பிணைத்தொகை 2,000 ரூபாயை மனுவோடு கட்டவில்லையென்றால் பிரிவு 86இன்படி தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். எதிர்மனுதாரர் பட்டியலில் விட்டுப்போனாலும் அப்படியே. "வென்றவர் தேர்தல் செல்லாது" என்று மட்டும் கேட்டால் வென்றவரைச் சேர்த்தால் போதும். "நான் வென்றதாக அறிவியுங்கள்" என்றும் கேட்டால் போட்டியிட்ட எல்லா வேட்பாளரையும், நூறு ஓட்டு வாங்கிய சுயேச்சை உட்பட, சேர்க்க வேண்டும். ஊழல் நடவடிக்கை (ஓட்டுக்குப் பணம், மிரட்டல் போன்றவை) என்று எந்த வேட்பாளர் மேலாவது குற்றம் சொன்னால் அவரும் கட்டாயம். மறுபக்கம், ஆர்.ஓ.வையோ தேர்தல் ஆணையத்தையோ எதிர்மனுதாரர் ஆக்கக் கூடாது. சட்டம் சொன்னவர்களைத் தவிர யாரையும் சேர்க்க இடமில்லை என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

15 பேர் போட்டியிட்ட தொகுதியில் மற்ற 14 பேருக்கும் 14 நகல். ஒவ்வொரு நகலிலும் "உண்மை நகல்" என்று மனுதாரரே தன் கையால் கையெழுத்திட வேண்டும். வக்கீல் கையெழுத்து போதாது. தாக்கல் செய்யவும் மனுதாரர் நேரில் வர வேண்டும் என்று 2009ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ கிளம்பினால் ஒரு நாள் முழுக்க உயர் நீதிமன்றம் உள்ள பாரிமுனையில் போகும், ரெஜிஸ்ட்ரி குறை சொன்னால் இன்னொரு நாள். ஊழல் நடவடிக்கைக் குற்றச்சாட்டு இருந்தால் படிவம் 25இல் தனிப் பிரமாணப் பத்திரம் வேண்டும்.

இதெல்லாம் தாண்டி உள்ளே போன பிறகுதான் மறு எண்ணிக்கைக் கேள்வி வருகிறது. நீதிமன்றம் எளிதில் பெட்டியைத் திறக்காது. ஓட்டின் ரகசியம் காக்கப்பட வேண்டும், ஆதாரம் தேடுவதற்காகத் திறந்து பார்க்க அனுமதிக்க முடியாது என்பது 1964 முதல் மாறாத நிலை. திறந்த பிறகு எண் மாறிவிட்டது என்பதை வைத்து, திறந்தது சரி என்று பின்னால் நியாயப்படுத்தவும் முடியாது என்று 1989ல் சொன்னார்கள். ஆகவே மனுவிலேயே எந்த மேசை, எந்தச் சுற்று, எத்தனை ஓட்டு, யார் ஆட்சேபித்தார், ஆர்.ஓ. என்ன எழுதினார் என்று இருக்க வேண்டும். அந்தப் பிழையால் முடிவே மாறியது என்றும் காட்ட வேண்டும். 200 ஓட்டில் தோற்றவர் 60 ஓட்டில் பிழை காட்டினால் போதாது.

வென்றவர் பக்கமும் ஒரு பொறி உண்டு. மனுதாரர் தன்னையே வென்றவராக அறிவிக்கக் கேட்டால், "எனக்கு வர வேண்டிய ஓட்டும் தப்பாகத் தள்ளப்பட்டது" என்று வென்றவர் சொல்ல, விசாரணை தொடங்கிய 14 நாளுக்குள் பிரிவு 97இன் கீழ் எதிர்க் குற்றச்சாட்டு அறிவிப்புத் தர வேண்டும். தராவிட்டால் எண்ணும்போது மனுதாரர் பக்க ஓட்டை மட்டுமே பார்ப்பார்கள். 1973ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மலைச்சாமி, ஆண்டி அம்பலம் வழக்கு நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் வழக்குதான். இந்த ஒரு அறிவிப்பைத் தராததால் வென்றவரின் வாதம் எடுபடாமல் போனது. "நான்தான் ஜெயித்துவிட்டேனே, வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று எம்.எல்.ஏ. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் குறை மிகப் பெரியது. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ராதாபுரத்தில் முடிவு வந்தது 2016 மே. தபால் ஓட்டுகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் திரும்ப எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபர் 1. அக்டோபர் 4ல் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அந்த முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021ல் சட்டமன்றத்தின் காலமே முடிந்து அடுத்த தேர்தல் வந்துவிட்டது. தென்காசியில் 2021ல் 370 ஓட்டு வித்தியாசம். தபால் ஓட்டை நீதிமன்ற உத்தரவுப்படி திரும்ப எண்ணியது 2023 ஜூலையில், முடிவு மாறவில்லை. அங்கே இரண்டு வருடம், ராதாபுரத்தில் மூன்றரை வருடம். அந்த இடைவெளியில் தொகுதி மக்களுக்குத் தங்கள் உண்மையான பிரதிநிதி யார் என்று தெரியாமலே பட்ஜெட் போகிறது, சட்டங்கள் போகின்றன. தேர்தல் வழக்குக்கென்று ஒரு நீதிபதி, வேறு வழக்கு இல்லாமல், தினசரி விசாரணை என்று வைத்தால் தபால் ஓட்டுத் தகராறு ஒன்றை இரண்டு மாதத்தில் முடிக்க முடியும். சாட்சி சில பேர், ஆவணம் ஒரு பெட்டி. இந்தத் தாமதத்துக்கு நியாயமான காரணம் எதுவும் எங்களுக்குத் தென்படவில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பின்மேல் 30 நாளுக்குள் உச்ச நீதிமன்ற மேல்முறையீடு உண்டு; அதன் காலக்கணக்கு தனி.

ஆவணம் கையில் உள்ளவருக்கு 5க்கு 2, இல்லாதவருக்குப் பூஜ்யம்.

வழக்குப் போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காதவர்கள் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. 45 நாளுக்குள் வழக்கு வராவிட்டால் இயந்திரங்களை விடுவித்துவிடுவார்கள். 2025 மே மாத அறிவுரைப்படி சிசிடிவி, வீடியோ பதிவுகளையும் அந்த 45 நாளுக்குமேல் வைத்திருக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் விதி 93ஐத் திருத்தியதால் இவற்றைப் பொதுமக்கள் பார்க்கக் கேட்கும் வழியும் சுருங்கிவிட்டது. ஆகவே படிவம் 20இன் நகல், விதி 63 உத்தரவின் நகல் இரண்டுக்கும், தபால் மேசை வீடியோவைப் பாதுகாக்கக் கோரியும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தனித்தனி மனுவாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதி முத்திரையிட்ட ரசீது வாங்குங்கள். மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால் ஒன்றுக்குப் பதில் வந்து மற்ற இரண்டும் கிடப்பில் போகும்.